கோபே துறைமுகத்து வெள்ளிக் கோப்பை: ஒரு ஜப்பானியப் படகுப் போட்டிப் பரிசைப் பற்றிய விவாதம்

கீழ்த்திசை:

அனைவருக்கும் வணக்கம். ஒசாக்காவில் பணியாற்றி வருகிறேன். கியோத்தோவில் தோஜி கோயில் வளாகத்தில் மாதந்தோறும் 21-ஆம் தேதி கூடும் பழம்பொருள் சந்தையில் ஒரு வெள்ளிக் கோப்பையை வாங்கியிருக்கிறேன். ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான உயரம். இரண்டு கைப்பிடிகளும் கணுக்களோடு கூடிய மூங்கில் துண்டுகளைப் போலச் செய்யப்பட்டுள்ளன. அடித்தண்டைச் சுற்றி ஒரு சிறிய டிராகன் உடலை முறுக்கிக்கொண்டிருக்கிறது. முன்பக்கம் முழுவதும் ஐரிஸ் மலர்கள் இலைகளோடு புடைப்பாக எழும்பி நிற்கின்றன. பின்பக்கத்தில் நீள்வட்டமாக ஒரு வெற்றிடம் விட்டு, அதில் ஆங்கில எழுத்துகளைப் பொறித்திருக்கிறார்கள். மேல்வரியில் "கே.ஆர். & ஏ.சி." என்ற எழுத்துகளும், அதன் கீழே நால்வர் படகுப் போட்டி என்பதும், பிறகு ஐந்து பெயர்களும் உள்ளன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் ஓர் எண் இருக்கிறது. ஆண்டில் 189 வரை தெளிவாகத் தெரிகிறது. கடைசி இலக்கம் தேய்ந்துவிட்டது.

அடிப்புறத்தில் தூய வெள்ளி என்று குறிக்கும் இரண்டு ஜப்பானிய எழுத்துகளும், பக்கத்தில் சதுரமான ஒரு சிறு முத்திரையும் உள்ளன. வேறு குறி எதுவும் இல்லை. மலர்களுக்கு இடையேயுள்ள பள்ளங்கள் கருமையாக இருக்கின்றன. விற்றவர் எடைக்குத்தான் விலை சொன்னார். இது எந்தக் காலத்தது, யாருக்காகச் செய்தது, துலக்கலாமா என்பவற்றை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

நகாசுவழி:

அடிப்புற முத்திரையிலிருந்து தொடங்குவோம், ஐயா. இங்கிலாந்து வெள்ளிப் பொருளில் நகரம், ஆண்டு, தரம், செய்தவர் என்று வரிசையாக முத்திரைகள் இருக்கும். அவற்றைப் படித்தே ஆண்டைச் சொல்லிவிடலாம். ஜப்பானில் நெடுங்காலம் அப்படி ஓர் அரசு ஏற்பாடு இல்லை. ஒசாக்காவில் 1871-இல் நாணயச்சாலை தொடங்கியது என்றாலும், தனியார் செய்யும் பொருள்களின் தரத்தைச் சோதித்து முத்திரையிடும் வேலையை அது 1929-இல்தான் மேற்கொண்டது. அந்த முத்திரையில் ஜப்பானியக் கொடியும், சாய்சதுரத்துக்குள் 1000, 950, 925 போன்ற தர எண்ணும் இருக்கும். உங்கள் கோப்பையில் அது இல்லை என்பது, 1890-கள் என்று பொறிப்பு சொல்வதற்குப் பொருந்தி வருகிறது. அந்த முத்திரையைப் பெறுவது கட்டாயம் அல்ல என்பதால் அது இல்லாமையை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. பொறிப்பும் வேலைப்பாடும் சேர்ந்து பேச வேண்டும்.

1929-க்கு முன், கடைக்காரர்கள் தங்கள் பெயரையோ குறியையோ தாங்களே அடித்தார்கள். வெளிநாட்டாருக்கு விற்க வேண்டியவற்றில் பலர் "ஸ்டெர்லிங்" (925 தர வெள்ளி) அல்லது "சில்வர்" என்று ஆங்கிலத்திலும் சேர்த்தார்கள். யோகோஹாமாவில் ஆர்தர் & பாண்ட், கோனோய்க்கே போன்ற கடைகளும், 1894-இல் நோமுரா யோசோ தொடங்கிய சாமுராய் ஷோகாய் என்ற பெரிய கடையும், தோக்கியோவில் மியாமோத்தோ ஷோகோவும் இப்படிப்பட்ட வாடிக்கையாளர்களுக்குப் பெயர் பெற்றவை. கடையின் பெயர் இல்லாமல் சதுர முத்திரை மட்டும் இருப்பது, செய்தவரின் சொந்தக் குறியாக இருக்கலாம் என்று எண்ண வைக்கிறது. அதைச் சாய்ந்த வெளிச்சத்தில் படமெடுத்துப் போடுங்கள். கோப்பையின் உட்புறம் வழவழப்பாக இருக்கிறதா, மலர்களின் பின்பள்ளம் தெரிகிறதா என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

பழைய துறைமுகம்:

பொறிப்பில் உள்ள எழுத்துகள் கோபே ரெகாட்டா (படகுப் போட்டி) & அத்லெட்டிக் கிளப்பைக் குறிப்பவை என்பதில் எனக்கு ஐயமில்லை. நான் துறைமுக நகரங்களின் வரலாற்றைக் கற்பிப்பவள் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கோபே 1868 ஜனவரி 1 அன்று வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்டது. கடலோரத்தில் வெளிநாட்டார் குடியிருப்புக்கு என்று நேர்த்தெருக்களோடு ஒரு பகுதி அளந்து ஒதுக்கப்பட்டது. அங்கே வந்து சேர்ந்தவர்கள் பெரும்பாலும் தேயிலை, பட்டு, கப்பல் வணிகத்தில் இருந்த இளைஞர்கள். வேலை நேரம் போக மற்ற நேரத்தில் செய்வதற்கு ஒன்றும் இல்லாத ஊரில், அலெக்சாண்டர் கேமரன் சிம் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1870 செப்டம்பர் 23 அன்று இந்தச் சங்கத்தைத் தொடங்கினார். அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே உடற்பயிற்சிக் கூடம் எழுந்து, படகுப் போட்டியும் நடந்துவிட்டது. சிம் மருந்து வணிகர். தாமே ஓட்டக்காரர், படகோட்டி, தீயணைப்புப் படைத் தொண்டர். ரமுனே என்று இன்றும் ஜப்பானியச் சிறுவர்கள் விரும்பிக் குடிக்கும் எலுமிச்சைச் சோடாவைப் பரப்பியவர் என்றும் அவரைச் சொல்வார்கள். 1891-இல் நோபி நிலநடுக்கமும் 1896-இல் சான்ரிக்கு ஆழிப்பேரலையும் வந்தபோது நிவாரணப் பணிக்கு நேரிலேயே சென்றவர். 1900-இல் காலமானார். அவருக்கான நினைவுக்கல் கோபேயின் ஹிகாஷி யூயென்சி பூங்காவில் நிற்கிறது. ஒசாக்காவிலிருந்து தொலைவில்லை, சென்று பாருங்கள்.

உங்கள் கோப்பை 1890-களுக்கு உரியது என்றால், சிம் உயிரோடு இருந்து சங்கத்தை நடத்திய காலத்தில் அது வழங்கப்பட்டிருக்கிறது. வெளிநாட்டார் குடியிருப்பே 1899 ஜூலையில் ஜப்பானிய நிர்வாகத்திடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. அந்தக் குடியிருப்பு தன் சட்டத்தோடும் தன் நகராட்சியோடும் இருந்த கடைசிப் பத்தாண்டின் பொருள் இது.

சந்தைவாசி:

எனக்கு வேறொரு கருத்து உண்டு. அந்தக் காலத்துக் கிழக்காசியத் துறைமுகச் சங்கங்களின் வெள்ளிக் கோப்பைகள் பலவும் சீன வேலைப்பாடு கொண்டவை. ஹாங்காங்கின் வாங் ஹிங், ஷாங்காயின் லுவென் வோ போன்ற கடைகள் பரிசுக் கோப்பைகளை ஏராளமாகச் செய்தன. டிராகனும் மூங்கிலும் அவர்களுடைய வழக்கமான அணிகள். ஆகையால் டிராகனின் கால்நகங்களை எண்ணிச் சொல்லுங்கள்; வாங் ஹிங்கின் ஆங்கில எழுத்துகளும் 90 என்ற தர எண்ணும் எங்காவது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது, விற்பனை பற்றியது. யாரோ ஐந்து பேரின் பெயர் பொறித்த கோப்பையை வீட்டில் வைக்க வாங்குபவர்கள் விரும்புவதில்லை. பல வணிகர்கள் அந்தப் பொறிப்பை மெருகு சக்கரத்தில் தேய்த்து எடுத்துவிட்டுப் பூச்சாடியாக விற்கிறார்கள். கருமையையும் நீக்கிவிட்டால் நல்ல விலை போகும். வீட்டிலேயே திருநீறு தொட்டுத் துலக்கினாலும் பளபளப்பு வந்துவிடும்.

அடையாற்றுப் படகோட்டி:

பொறிப்பை அழிப்பது பற்றிய யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். இதை மிகுந்த அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன். பூச்சாடி ஆயிரம் கிடைக்கும். ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட படகில், யார் எந்த இருக்கையில் அமர்ந்து துடுப்பு வலித்தார் என்பதைச் சொல்லும் பொருள் அரிது.

பெயர்களுக்கு எதிரில் உள்ள எண்கள் பவுண்டில் கணக்கிட்ட உடல் எடையாக இருக்கும். படகோட்டும் உலகில் இது நீண்ட நாள் மரபு. முதலில் வருபவர் படகின் முன்முனையில் அமர்பவர். பிறகு இரண்டாம், மூன்றாம் இருக்கைக்காரர்கள். நான்காமவர் ஸ்ட்ரோக், அதாவது பின்முனைக்கு அருகில் அமர்ந்து மற்றவர்களுக்குத் தாளத்தை நிர்ணயிப்பவர். ஐந்தாமவர் துடுப்பு வலிக்காமல் சுக்கானைப் பிடிக்கும் காக்ஸ். கடைசிப் பெயருக்கு எதிரில் உள்ள எண் மற்றவற்றைவிடக் குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள். காக்ஸ் பெரும்பாலும் குழுவிலேயே எடை குறைந்தவராக இருப்பார். அப்படி இருந்தால் நான் சொன்னது உறுதியாகிவிடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சங்கத்திடமே இருந்து, ஆண்டுதோறும் வெல்பவரின் பெயர் சேர்க்கப்படும் சுழற்கோப்பை ஒரு வகை. வென்றவர் வீட்டுக்கே கொண்டுபோய்விடும் கோப்பை இன்னொரு வகை. உங்களுடையதில் ஒரே ஓர் ஆண்டுதான் உள்ளது. ஆகவே அது இரண்டாம் வகை. குழுவில் ஐவர் இருந்தால், ஒரே மாதிரியாக ஐந்து கோப்பைகள் செய்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்திருக்கக் கூடும். அவற்றில் ஒன்று உங்களிடம் வந்திருக்கிறது. மற்றவை ஏதேனும் ஸ்காட்லாந்து வீட்டுப் பரணிலோ சிட்னியின் ஏலக்கடையிலோ இருக்கலாம். பெயர்களை அழித்துவிட்டால் இவற்றை மீண்டும் இணைப்பதற்கு ஒரு வழியும் இருக்காது.

எங்கள் சென்னையிலும் இந்தக் கதை உண்டு. அடையாற்றுக் கரையில் 1867-இல் மெட்ராஸ் போட் கிளப் தொடங்கியது. அக்காலத்துச் சங்கங்களுக்கான வெள்ளிப் பரிசுகளை இந்தியாவில் பி. ஆர் & சன்ஸ் போன்ற கடைகள் உள்ளூர்க் கைவினைஞர்களின் தெய்வ உருவ வேலைப்பாடுகளோடு செய்தன. வடிவம் ஆங்கிலேயருடையது, மேல்வேலை உள்ளூர்க் கையினுடையது.

கீழ்த்திசை:

அனைவருக்கும் நன்றி. கேட்டவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். டிராகனுக்கு ஒவ்வொரு காலிலும் மூன்று நகங்கள்தான். ஆங்கில முத்திரையோ எண்ணோ எங்கும் இல்லை. கோப்பையின் உட்புறம் முழுவதும் வழவழப்பு. மலர்களின் பின்பள்ளம் தெரியவில்லை. விளிம்பில் மயிரிழை போல ஒரு பற்றவைப்புக் கோடு சுற்றிவர ஓடுகிறது. ஐந்தாவது பெயருக்கு எதிரில் உள்ள எண் மற்ற நான்கையும்விட நன்றாகவே குறைவு.

பெயர்களுக்கு மேலே ஒரு சிறு படகும் கீறப்பட்டிருக்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது, நால்வரும் படகு செல்லும் திசைக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருப்பதும், துடுப்புகள் படகின் ஓரத்துக்கு வெளியே நீட்டிய இரும்புத் தாங்கிகளில் பொருந்தியிருப்பதும் தெரிந்தன. மலர்களுக்குப் பின்னாலுள்ள தளம் மழமழப்பாக இல்லை. நுண்ணிய புள்ளிகள் வரிசை வரிசையாக நெருங்கி நிற்கின்றன.

நகாசுவழி:

நீங்கள் எழுதியதைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். மூன்று நகம் ஜப்பானிய டிராகனுக்கு வழக்கமானது. சீன வேலையில் நான்கும் ஐந்தும் பெரும்பாலும் காணப்படும். அடிப்புற எழுத்துகளையும் சேர்த்துப் பார்த்தால் ஜப்பானிய வேலை என்பதில் எனக்கு ஐயமில்லை.

உட்புறம் வழவழப்பாக இருப்பதும் விளிம்பில் கோடு ஓடுவதும் இது இரட்டைச் சுவர் கொண்ட கோப்பை என்பதைக் காட்டுகின்றன. மெய்ஜிக் காலத்து (1868–1912) ஜப்பானியர்கள் ஏற்றுமதிக்குச் செய்த நல்ல வெள்ளிப் பொருள்களில் இதை நிறையக் காணலாம். வெளித்தகட்டில் மலர்களை உள்ளிருந்து தட்டி எழுப்புவார்கள். பிறகு உள்ளே பைன் மரப் பிசினால் ஆன மெழுகை நிரப்பி, வெளியிலிருந்து சிற்றுளிகளால் இதழின் நரம்பு வரை திருத்துவார்கள். இங்கே நாம் அரக்கை நிரப்பிச் செய்வதும் இதே முறைதான். வேலை முடிந்தபின் பிசினை உருக்கி வடித்துவிட்டு, பின்பள்ளங்கள் தெரியாதபடி உள்ளே வேறொரு வெறும் தகட்டைச் செருகி விளிம்பில் பற்றவைத்துவிடுவார்கள். செலவு கூடும், வெள்ளியும் கூடும். ஆனால் குடிக்கவும் துடைக்கவும் ஏற்ற உட்புறம் கிடைக்கும்.

அந்தப் புள்ளித் தளம்தான் இந்தக் கோப்பையில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. முனையில் கிண்ணம் போலக் குழிந்த ஓர் உளியை வைத்து ஒரு அடி அடித்தால் ஒரு மணி எழும். அடுத்ததை அதை ஒட்டி அடிக்க வேண்டும். கோடு கோணினால் பிறகு திருத்தவே முடியாது. இது நானக்கோ என்ற வேலை. வாள் உறை, வாள் கைப்பிடி ஆகியவற்றின் உலோக அணிகளில் பல நூற்றாண்டுகளாகப் பயின்று வந்தது. 1876 மார்ச்சில் ஜப்பானிய அரசு, படைவீரரும் காவலரும் தவிர மற்றவர்கள் பொது இடத்தில் வாள் அணிவதைத் தடை செய்தது. வாள் அணி செய்து பிழைத்த குடும்பங்களுக்கு ஒரே ஆணையில் வாடிக்கையாளர்கள் இல்லாமல் போனார்கள். அவர்களில் பலர் குவளை, பெட்டி, தட்டு என்று வெளிநாட்டார் விரும்பியவற்றைச் செய்யத் திரும்பினார்கள். உங்கள் கோப்பையைச் செய்தவர் அப்படி ஒரு பட்டறையில் பயின்றவராகவோ, பயின்றவரிடம் கற்றவராகவோ இருக்க வேண்டும். அந்தத் தளத்தை வேறு யாரும் அவ்வளவு எளிதாகச் செய்துவிட முடியாது.

இனி கருமை. பள்ளங்களில் மட்டும் ஒரே சீராகக் கருமை இருந்தால் அது அழுக்கு அல்ல. கந்தகம் கொண்டு வெள்ளியை வேண்டுமென்றே மங்கச் செய்து, எழும்பிய இடங்களை மட்டும் தேய்த்து வெளிச்சம் காட்டுவது ஜப்பானியர்கள் போற்றும் ஒரு மெருகு முறை. செய்தவரே விட்டுச்சென்ற நிழல் அது. சந்தைவாசி சொன்ன திருநீறு நம் வீட்டுக் குத்துவிளக்குக்கும் சந்தனக் கிண்ணத்துக்கும் சரி. இங்கே அந்தத் துகள்கள் நானக்கோ மணிகளின் தலைகளைத் தேய்த்துவிடும். அமிலம் கலந்த திரவத்தில் முக்கி எடுப்பது அதைவிடக் கெடுதல். இரண்டு தகடுகளுக்கு இடையில் திரவம் புகுந்தால் வெளியே எடுக்க முடியாது, உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கும். மென்மையான பருத்தித் துணியால் துடைத்தால் போதும்.

ஆண்டின் கடைசி இலக்கத்துக்கு ஒரு சோதனை செய்து பாருங்கள். கோப்பையைச் சற்றுக் குளிர வைத்து, அந்த இடத்தில் வாயால் ஆவி ஊதுங்கள். ஆவிப்படலம் விலகும் அந்த ஓரிரு கணங்களில் தேய்ந்த கீறல்களின் விளிம்பு சில நேரம் தெரியும். முன்பே ஏதேனும் பெயர் அழிக்கப்பட்டிருந்தாலும் இதே சோதனையில் வெளிப்பட்டுவிடும்.

சந்தைவாசி:

மூன்று நகமும் நானக்கோவும் தெளிவான சான்றுகள். விலை பற்றியும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். துறைமுகச் சங்கங்களின் பொருள்களையே தேடிச் சேர்ப்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பொறிப்புதான் வேண்டும். பூச்சாடி வாங்குபவரிடம் கொண்டுபோனால் ஒரு விலை, இவர்களிடம் கொண்டுபோனால் வேறு விலை. ஜப்பானியர்கள் யாராவது அந்தப் போட்டிகளில் கலந்துகொண்டார்களா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பழைய துறைமுகம்:

கோபே சங்கம் வெளிநாட்டார் தங்களுக்காக அமைத்துக்கொண்டது. ஜப்பானியரின் படகோட்டம் பெரும்பாலும் வேறு வழியாக, கல்விக்கூடங்கள் மூலமாக வளர்ந்தது. 1875-இல் தோக்கியோவுக்கு ஆங்கிலம் கற்பிக்க வந்த பிரெடெரிக் வில்லியம் ஸ்ட்ரேஞ்ச் என்ற இங்கிலாந்துக்காரர் மாணவர்களுக்குத் தடகளத்தையும் படகோட்டத்தையும் பழக்கினார். 1889-இல் அவர் இறக்கும்போது சுமிதா ஆற்றில் மாணவர் படகுப் போட்டிகள் வேரூன்றியிருந்தன. வசேதா, கெய்யோ பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி 1905-இல் அதே ஆற்றில் தொடங்கியது.

கீழ்த்திசை கண்ட அந்தச் சிறு படகைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜப்பானியப் பாரம்பரியப் படகில் ஓடக்காரர் பின்முனையில் நின்றுகொண்டு ரோ என்ற நீண்ட ஒற்றைத் துடுப்பை இடமும் வலமுமாக அசைப்பார். கோப்பையைச் செய்தவர் நாள்தோறும் பார்த்து வளர்ந்தது அந்தப் படகைத்தான். முதுகைக் காட்டி அமர்ந்து, வெளியே நீட்டிய தாங்கியில் துடுப்பை வைத்து வலிக்கும் படகை அவர் அவ்வளவு துல்லியமாகக் கீறியிருக்கிறார் என்றால், யாரோ கொடுத்த படத்தைப் பார்த்துச் செய்திருக்கலாம். அல்லது கடற்கரைக்கே போய் நின்று பார்த்திருக்கலாம். இரண்டாவதுதான் உண்மையாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

அடையாற்றுப் படகோட்டி:

தாங்கி பற்றிய அந்த விவரம் எனக்கும் முக்கியமாகப் படுகிறது. ஓரத்துக்கு வெளியே நீட்டிய தாங்கி 1840-களில் இங்கிலாந்தில் பரவியது. வலிப்பவர் கால்களை மடக்கி நீட்டும்போது முன்னும் பின்னும் உருளும் நகரும் இருக்கை 1870-களில் வந்தது. 1873-இல் ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் முதன்முதலாக நகரும் இருக்கையோடு மோதின. கோப்பையில் உள்ளவர்களின் முழங்கால்கள் மடிந்திருக்கின்றனவா, நீட்டியிருக்கின்றனவா? நன்றாக மடிந்திருந்தால், கோபேயில் அப்போதே நகரும் இருக்கை வந்துவிட்டது என்பதற்கு அது ஒரு குறிப்பாக அமையலாம். படத்தைப் போடுங்கள், ஐயா.

பழைய துறைமுகம்:

இத்தகைய பொருள் இன்று நம் கைக்கு வருவது எளிதல்ல என்பதையும் பதிவு செய்ய வேண்டும். 1941-இல் ஜப்பானிய அரசு உலோகச் சேகரிப்பு ஆணையைப் பிறப்பித்தது. கோயில் மணிகள் வரை உருக்கும் உலைக்குப் போயின. அந்த டிசம்பரில் போர் மூண்டதும் கோபேயிலிருந்த பிரிட்டிஷ் குடிமக்கள் காவலில் வைக்கப்பட்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற வீட்டுப் பொருள்கள் சிதறின. 1945 மார்ச் 17 அன்றும் ஜூன் 5 அன்றும் நடந்த வான்தாக்குதல்களில் நகரின் பெரும்பகுதி எரிந்தது. பிறகு 1995 ஜனவரி 17 நிலநடுக்கம். ஜப்பானை விட்டு வெளியேறிய கோப்பைகளுக்கும் ஆபத்து இருந்தது. 1980 ஜனவரியில் வெள்ளி விலை அவுன்சுக்கு 50 டாலரை நெருங்கியபோது, உலகெங்கும் பழைய வெள்ளிப் பொருள்கள் எடைக்கு விற்கப்பட்டு உருக்கப்பட்டன. உங்களுக்கு விற்றவர் எடைக்கு விலை சொன்னதைப் படித்தபோது எனக்கு நெஞ்சம் பதைத்தது.

ஆண்டைக் கண்டுபிடிக்க வேறொரு வழியும் உண்டு. அக்காலத்தில் ஹியோகோ நியூஸ் என்ற ஆங்கில நாளிதழ் கோபேயில் வெளிவந்தது. 1891-இல் ராபர்ட் யங் தொடங்கிய கோபே க்ரானிக்கிளும் இருந்தது. ஜப்பானைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற எழுத்தாளர் லஃப்காடியோ ஹெர்ன் 1894-இல் அதில்தான் பணியாற்றினார். படகுப் போட்டி சிறிய வெளிநாட்டார் சமூகத்தின் பெரிய திருநாள் என்பதால், குழுவினரின் பெயர், இருக்கை, எடை ஆகியவற்றோடு முடிவுகளை அச்சிடுவார்கள். கோபே நகர நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். ஐந்து பெயர்களும் ஒரே வரிசையில் ஒரு பக்கத்தில் கிடைத்துவிட்டால், தேய்ந்த இலக்கத்தை ஊகிக்க வேண்டிய தேவையே இராது. சங்கமும் கோபேயில் இசோகாமிப் பகுதியில் இன்றும் இயங்குகிறது, அவர்களுக்கும் எழுதலாம்.

கீழ்த்திசை:

ஆவி ஊதிப் பார்த்தேன். கடைசி இலக்கத்தின் மேல்பகுதியில் ஒரு வளைவு தெரிகிறது; 2, 3, 8, 9 ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம். வேறு பெயர் எதுவும் அழிக்கப்பட்ட தடயம் இல்லை. படகோட்டிகளின் முழங்கால்கள் மடிந்தே இருக்கின்றன; படத்தையும் முத்திரையையும் இன்று இரவு இங்கே சேர்க்கிறேன். கோப்பையை விற்கப் போவதில்லை. துலக்கவும் மாட்டேன்; பருத்தித் துணியில் சுற்றி, கந்தகம் படாதபடி ரப்பர் பொருள்களிலிருந்து விலக்கி வைத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை கோபே நூலகத்துக்குச் செல்கிறேன். சங்கத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தில் ஐந்து பெயர்களையும் எடைகளையும் பொறிப்பில் உள்ளபடியே தருகிறேன். அவர்களிடமிருந்து பதில் வந்தால் இந்த இழையிலேயே தொடர்வேன்.

நகாசுவழி:

முத்திரையைப் படமெடுக்கும்போது ஒளியை இடப்புறத்திலிருந்தும் வலப்புறத்திலிருந்தும் மாற்றி மாற்றித் தந்து இரண்டு படங்கள் எடுங்கள். சதுர முத்திரையில் எழுத்துகள் பழைய வடிவில் இருக்கும். ஒரே ஒளியில் எடுத்தால் பாதிக் கோடுகள் நிழலில் மறைந்துவிடும். கோப்பையின் எடையையும் சேர்த்து எழுதுங்கள். இதே மாதிரிக் கோப்பை வேறு எங்காவது வெளிப்பட்டால் இரண்டையும் ஒப்பிட அது உதவும்.